பின்மணி

சென்னியப்பனுக்குப் பயம். எதற்கு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

முப்பத்திரண்டு வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். குடித்துவிட்டு ஏறி ரகளை செய்தவர்களைச் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டிருக்கிறார். பிரேக் சரியில்லாத வண்டியில் பின்படிக்கட்டில் நின்றுகொண்டு மலைப்பாதை இறங்கியிருக்கிறார். அப்போதெல்லாம் எட்டிப் பார்க்காத பயம், ஓய்வு பெற்ற மறுமாதம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்றார். ஒன்றுமில்லை என்று கேட்டதும் அவருக்குப் பயம் இன்னும் அதிகமாகிவிட்டது.

மருமகன் அவரை நெடுங்கோம்பைக்கு அழைத்து வந்தார். மாதேஸ்வரனுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்தான். மருமகன் அன்றைக்கே ஊர் திரும்பினார். சென்னியப்பன் திரும்பவில்லை. மூன்று வருடமாகிவிட்டது.

அவரை அங்கே உட்கார வைத்தது கோயில் இல்லை. கெம்பம்மா.

நெடுங்கோம்பையோடு தார்ச்சாலை முடிந்துவிடும். ஊரில் பத்துப் பதினைந்து கடைகள், ஒரு மண்டபம், வனத்துறையின் சோதனைச்சாவடி, அவ்வளவுதான். அதற்கு மேல் காடு. ஒற்றையடிப் பாதையில் ஒன்பது கிலோமீட்டர் ஏறினால் மாதேஸ்வரன் கோயில். பாதையில் யானை உண்டு, கரடி உண்டு. அதனால் தனியாகப் போக யாருக்கும் அனுமதியில்லை. காலையில் மண்டபத்தில் ஆள் சேர்ந்ததும் வரிசையாகப் புறப்படுவார்கள்.

வரிசைக்கு முன்னால் கோல் பிடித்து ஒருவர் நடப்பார். கடைசியில் ஒருவர் மணி கட்டி நடப்பார். அதற்குப் பின்மணி என்று பெயர். தோல் வாரில் கோத்த வெண்கல மணி. இடுப்பில் கட்டிக்கொண்டால், எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் அது தானாக அடிக்கும். முன்னால் போகிறவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் கடைசி ஆளும் வந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். மணி நின்றுபோனால் வரிசை அங்கேயே நிற்க வேண்டும். கோல் பிடித்தவர் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். அவர் போகாவிட்டால் வேறு யாராவது போக வேண்டும். இது மாதேஸ்வரனே வகுத்த வழக்கம் என்று ஊரில் சொல்வார்கள். வகுத்தது யாராக இருந்தாலும் காடு தெரிந்தவர்கள்.

எட்டு வருடத்துக்கு முன்பு, ஓர் ஆடி மாதம், மணி நின்றது.

அன்றைக்குப் பின்மணி கட்டியிருந்தவர் பசவன், கெம்பம்மாவின் கணவர். வரிசையில் முப்பது பேர். பாதியில், வளைவுப் பாறைக்கு மேலே, அவர்கள் நின்றார்கள். "பீடி பத்த வெச்சிருப்பான்" என்றார் ஒருவர். "வந்துருவான்" என்றார் இன்னொருவர். கீழே மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. யாரும் போகவும் இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் கோயிலிலிருந்து இறங்கிய வேறொரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டுதான் கீழே வந்தார்கள். பசவன் பாதையில் கிடந்தார். யானை அடித்த இடத்திலிருந்து அவர் மேல்நோக்கித் தவழ்ந்து வந்த தடம் சேற்றில் நீளமாக இருந்ததாம்.

அந்த முப்பது பேரில் யார் யார் இருந்தார்கள் என்று நெடுங்கோம்பையில் கேட்டுப் பாருங்கள். தேங்காய் விலையைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

முப்பதாம் நாள் கெம்பம்மா அந்த மணியை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அழுததைக்கூட யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் வரிசைக்குக் கடைசியில் அவர்தான். காலையில் மண்டபத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மனது அடங்குகிறது என்று ஒருவர் சொன்னார். பத்துப் பேர் வந்தார்கள். கெம்பம்மாவைச் சாமி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவர் வேண்டாம் என்றார். நம் ஊரில் வேண்டாம் என்று சொன்னால் விடுவார்களா?

சென்னியப்பனுக்கு வயது அறுபத்தொன்று. கெம்பம்மாவுக்கு நாற்பத்து நான்கு. இவர் அவரைச் சாமி என்பார். அவர் இவரை அண்ணா என்பார்.

வந்த முதல் வருடம் சென்னியப்பன் கேட்டார்.

"சாமி, இந்தப் பயம் எப்பங்க போகும்?"

கெம்பம்மா ஒரு விளக்குமாற்றைக் கையில் கொடுத்தார். சென்னியப்பன் மண்டபத்தைக் கூட்டினார்.

இரண்டாம் வருடம் மறுபடியும் கேட்டார்.

"மேக்கால மூலையில குப்பை கெடக்குதுங்கண்ணா" என்றார் கெம்பம்மா.

இந்த மூன்று வருடத்தில் சென்னியப்பன் பலமுறை மலை ஏறியிருக்கிறார். எப்போதும் வரிசையின் நடுவில்தான். முன்னால் பத்துப் பேர், பின்னால் பத்துப் பேர் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார். அதில் அவருக்கு வெட்கமும் இல்லை. பயந்த மனிதனுக்கு நடு இடத்தின் அருமை தெரியும். நானாக இருந்தாலும் அங்கேதான் நிற்பேன்.

மூன்றாம் வருடம், ஆடி மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை. விடிந்ததிலிருந்து சாரல். மண்டபத்துக்கு எதிரே இருக்கிற புளியமரம்கூடத் தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. கோபி பக்கத்திலிருந்து இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். முன்கோல் பிடிக்கிற மாதையனுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது.

சென்னியப்பன் இதையெல்லாம் கவனிக்கவில்லை. இரவு முழுக்க நெஞ்சு அடித்துக்கொண்டு தூக்கமில்லை. நேராகக் கெம்பம்மாவிடம் வந்தார்.

"சாமி, மூணு வருசமாக் கேக்கறேனுங்க."

"கேளுங்கண்ணா."

"இந்தப் பயம் போகறதுக்கு ஒரு வழி சொல்லுங்க. மந்திரமோ, விரதமோ, எதுவோ ஒண்ணு. உங்களுக்கு எப்படிப் போச்சுன்னாவது சொல்லுங்க."

கெம்பம்மா அவரைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த தோல் வாரை அவிழ்த்து, மணியை அவர் பக்கம் நீட்டினார்.

"மாதையனுக்குச் சொகமில்லீங்க. முன்கோலு நான் புடிக்கோணும். பின்மணி நீங்க கட்டிக்குங்க."

சென்னியப்பன் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"நானுங்களா?"

"ஆமாங்க."

"வேற ஆரும் இல்லீங்களா?"

"இருபத்தாறு பேரும் வெளியூருக்காரங்க. பாதை தெரிஞ்சவங்க நீங்களும் நானுந்தான்."

"இன்னைக்குப் போகாட்டி என்னங்க? மேகம் இப்படிக் கெடக்குதே."

"மேல பூசாரி மூணு நாளா ஒத்தையில இருக்கறாரு. அரிசியும் எண்ணெயும் போகோணும்."

சென்னியப்பன் மணியை வாங்கினார். மறுத்திருக்கலாம். மறுக்கவும் பயம்.

"மணி நின்னா என்னங்க ஆகும்?" என்று கேட்டார். தெரிந்த கேள்விதான். பயம் வந்தால் மனிதன் தெரிந்ததைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பான்.

"நான் திரும்பி வருவேனுங்க" என்றார் கெம்பம்மா.

வரிசை புறப்பட்டது. முதல் மூன்று கிலோமீட்டர் பரவாயில்லை. அரோகரா சத்தமும், யாரோ ஒரு அம்மாள் முழங்கால் வலியைப் பற்றிப் புலம்புகிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. சென்னியப்பன் அந்தப் புலம்பலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறகு ஏற்றம் தொடங்கியது. அரோகரா குறைந்தது. அந்த அம்மாளுக்கும் மூச்சு வாங்கியதால் புலம்பலும் நின்றுபோனது.

மேகம் இன்னும் கெட்டியானது. தனக்கு முன்னால் நடந்தவரின் சிவப்புத் துண்டு முதலில் மங்கியது. பிறகு தெரியவே இல்லை. சென்னியப்பன் ஓடிப் போய்ச் சேர்ந்துகொள்ளப் பார்த்தார். பாறை வழுக்கியது. முட்டியை ஊன்றி எழுந்து நின்றபோது காட்டில் அவருடைய மணிச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

பின்படிக்கட்டில் நின்ற காலத்தில் அவருக்கு முன்னால் ஐம்பது பேர் இருப்பார்கள். பின்னால் வெறும் சாலைதான். முப்பத்திரண்டு வருடம் முதுகைப் பற்றி அவர் நினைத்ததே இல்லை. இப்போது முதுகு மட்டும்தான் உடம்பில் இருப்பதுபோல இருந்தது. இரண்டு அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பின்னால் எதுவும் இல்லை.

அது முன்னால் இருந்தது.

வளைவுப் பாறைக்குக் கீழே முதலில் வாடை வந்தது. மாட்டுத்தொழுவ வாடை மாதிரி, ஆனால் அதைவிடக் காரமாக. அடுத்தாற்போல் மூங்கில் முறிந்தது. சென்னியப்பன் நின்றார். இடது பக்கம் செங்குத்தான பாறை. வலது பக்கம் மூங்கில் சரிவு. அந்தச் சரிவிலிருந்து யானை பாதைக்கு ஏறி வந்தது. பதினைந்து எட்டு வைக்கிற தூரம். ஒற்றை ஆண் யானை. ஒரு தந்தம் பாதியில் ஒடிந்திருந்தது. அவரைப் பார்க்காமல் பாதையின் குறுக்கே நின்று, மூங்கில் குருத்தை ஒடித்து வாயில் வைத்தது.

நடை நின்றதால் மணியும் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அவருக்கு உடம்பு நடுங்கிய நடுக்கத்தில் அது சின்னச் சின்னதாக அடித்துக்கொண்டே இருந்தது.

சென்னியப்பன் மணிக்குள் விரலை விட்டு நாக்கைப் பிடித்துக்கொண்டார்.

காடு அமைதியானது.

யானை தின்றுகொண்டிருந்தது. சென்னியப்பன் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டார். முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. தான் இங்கே இருப்பது அதற்குத் தெரியாது. அது பாட்டுக்குத் தின்றுவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. மணி நின்றுவிட்டது. மேலே வரிசையும் நின்றிருக்கும். கெம்பம்மா இந்நேரம் திரும்பி வந்துகொண்டிருப்பார். இந்த ஒரே பாதையில். வளைவு திரும்பினால் யானையின் நெற்றியில்தான் முட்ட வேண்டும்.

நாக்கை விட வேண்டும். விட்டால் மணி அடிக்கும். அடித்தால் கெம்பம்மா எல்லாம் சரியாக இருக்கிறதென்று நின்றுவிடுவார். ஆனால் யானை இந்தப் பக்கம் திரும்பும்.

விரலைப் பார்த்தார். விடு என்று சொன்னார். அது விடவில்லை. சொந்தக் கை சொந்தப் பேச்சைக் கேட்காமல் போவதைப் போல அவமானம் உலகத்தில் வேறு இல்லை. சென்னியப்பனின் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவும் கை வரவில்லை.

"அண்ணா..."

மேகத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சென்னியண்ணா..."

யானையின் காது ஆடுவது நின்றது. வாயிலிருந்த குருத்து அப்படியே தொங்கியது. அது மெதுவாகத் திரும்பியது, குரல் வந்த பக்கம். சென்னியப்பனுக்கு அதன் பின்புறம் தெரிந்தது. அவருக்குப் பின்னால் பாதை காலியாக இருந்தது. கீழே ஓடினால் யாரும் தடுக்கப் போவதில்லை. இதையும் அவர் பார்த்தார். பார்க்கவில்லை என்று பிற்பாடு அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

"அண்ணா, எங்கீங்க இருக்கறீங்க?"

குரல் நெருங்கிவிட்டது. யானை ஓர் அடி எடுத்து வைத்தது.

சென்னியப்பன் விரலை எடுத்தார்.

மணி அடித்தது. நடக்கிறபோது அடிக்கிற நிதானமான அடியில்லை அது. குளிர்க்காய்ச்சல்காரனின் பல் மாதிரிக் கடகடவென்று, விடாமல், கண்டபடி அடித்தது. அவர் அதை ஆட்டவில்லை. இரண்டு கையையும் பாறையில் ஊன்றிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கண்ணைத் திறந்தபோது யானை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. மழைத்தண்ணீர் ஒடிந்த தந்தத்தின் நுனியிலிருந்து சொட்டியது. யானை ஒருமுறை மூச்சு விட்டது. அது அவர் முகத்தில் பட்டது என்று பிற்பாடு சொன்னார். அந்தத் தூரத்துக்குப் பட்டிருக்காது. பயத்தில் இருப்பவன் அளவுகோல் வைத்துக்கொண்டு நிற்பதில்லை.

யானை ஏதோ வீட்டு வேலை ஞாபகம் வந்ததுபோல் தலையைத் திருப்பியது. வந்த வழியே மூங்கில் சரிவில் இறங்கிப் போனது. அவ்வளவு பெரிய உடம்பு போகிறபோது வந்ததைவிடக் குறைவாகத்தான் சத்தம் கேட்டது.

கெம்பம்மா வளைவைத் தாண்டி வந்தார்.

வந்தவர் நிற்கவில்லை. சென்னியப்பனுக்கு எதிரே சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். வருகிற வழியில் வாந்தி எடுத்திருந்தார்.

கொஞ்ச நேரம் மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. சென்னியப்பன் அதைப் பிடித்து நிறுத்தப் போனார். பிறகு கையை இழுத்துக்கொண்டார்.

"நின்னு போச்சுங்களே அண்ணா" என்றார் கெம்பம்மா.

"புடிச்சுட்டேனுங்க சாமி. நாக்கை நான் புடிச்சுட்டேன்."

"அப்புறம் அடிச்சுதுங்களே."

"நான் அடிக்கலீங்க. கையை எடுத்தேன். மேலெல்லாம் நடுங்குது, அதுல அதுவா அடிச்சுது."

"எப்படி அடிச்சா என்னங்க. எனக்குக் கேட்டுது."

"மேல இருக்கறவங்க?"

"பாறைமேல உக்கார வெச்சிருக்கறேன். எல்லாரும் நல்லா இருக்கறாங்க."

சென்னியப்பன் இன்னும் பாறையை விட்டு நகரவில்லை. கெம்பம்மாவின் காலைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். மனதிலிருந்த மரியாதைக்கு இது பொருந்தி வரவில்லை. கேட்டே விட்டார்.

"சாமி, உங்களுக்குப் பயமே கெடையாதுன்னு நெனச்சேனுங்க."

கெம்பம்மா வலது கையை நீட்டிக் காட்டினார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. சென்னியப்பனின் கையைவிட அதிகமாக.

"பாத்துக்குங்க."

"அப்பறம் எப்படிங்க வந்தீங்க? பயம் போனாத்தானுங்களே கால் நகரும்?"

கெம்பம்மா திரும்பி, தான் இறங்கி வந்த பாதையைப் பார்த்தார். மேகத்தில் அது தெரியவில்லை. அங்கே மேலே ஒரு பாறை இருந்தது. இருபத்தாறு பேர் அதில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எட்டு வருசத்துக்கு முந்தி அந்தப் பாறைமேல நானும் உக்காந்திருந்தேனுங்கண்ணா" என்றார். "மணி நின்னது எல்லாருக்கும் முன்னால எனக்குத்தான் தெரிஞ்சுது. அவரு நடை எனக்குத் தெரியாதுங்களா? பயம் கொஞ்சம் போகட்டும், போய்ப் பாக்கலாம்னு உக்காந்தேன். பொழுது சாயற வரைக்கும் அது போகலீங்க."